ஷிரகாவா-கோவுக்கு இரண்டு மணி நேரம் போதுமா?

12 அக்டோபர் 2024

வாசகர் ஒருவரின் கேள்வி: “ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் ஜப்பான் வருகிறார்கள். தகாயமாவிலிருந்து ஷிரகாவா-கோ போய்ப் புல்கூரை வீடுகளைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம் என்று திட்டம். அலுவலக நண்பரோ, ‘அது பொம்மை ஊர், யாரும் குடியில்லை, கடைகள்தான்’ என்கிறார். போகலாமா? போனால் இரவு தங்க வேண்டுமா?”

12 அக்டோபர், இரவு

போகலாம். தங்க வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும்.

நகோயாவில் குடியிருக்கிறேன். இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டும் காலையில் போய் மாலையில் திரும்பியவை. தகாயமாவிலிருந்து பஸ்ஸில் 50 நிமிடம், கனசாவாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். இறங்கியதும் ஷோகாவா ஆற்றின் மேல் தொங்குபாலம் வரும். தாண்டினால் ஓகிமாச்சி, ஷிரகாவா-கோவின் புல்கூரை வீடுகள் நிற்கும் ஊர். பழைய கோட்டை இருந்த மேட்டில் ஏறி, உலகமே எடுக்கும் அதே படத்தை நீங்களும் எடுங்கள். பார்வைக்குத் திறந்துவிட்ட வாதா வீட்டுக்குள் ஒரு சுற்று, ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ், திரும்ப பஸ்.

கடைத்தெரு என்று நண்பர் சொன்னதில் பொய்யில்லை. பெருந்தெருவில் ஐஸ்கிரீம் விற்காத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. ஊராகவே பார்க்க ஆசை என்றால், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துக் கோகயாமா என்ற பக்கத்து மலைப்பகுதியின் ஐனோகுராவுக்குப் போங்கள், அதுவும் புல்கூரை ஊர்தான்.

13 அக்டோபர்

ஒரு திருத்தம். தொங்குபாலம் காரில் வருகிறவர்களுக்கு. அவர்கள்தான் மறுகரையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். பஸ் நிலையம் ஊரின் ஓரத்திலேயே இருக்கிறது. முதல் முறை நண்பரின் காரில் போனதையும் இரண்டாம் முறை பஸ்ஸில் போனதையும் நினைவு ஒன்றாகக் குழைத்துவிட்டது.

13 அக்டோபர், இன்னொன்று

“யாரும் குடியில்லை” என்பது மட்டும் தவறு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு கதவு.

முதல் முறை போனபோது பின் சந்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீடு, திறந்த முற்றம், வாசலில் அடுக்கிய விறகு. காட்சிக்கு வைத்த வீடு என்று நினைத்து, செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு, தள்ளுகதவைத் தள்ளினேன். உள்ளே ஒருவர் தாழ்ந்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் மல்யுத்தம். சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்து, “இது வீடு” என்றார். கோபமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறாரோ. குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டபடி பின்வாங்கியதில் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு தெரு முனை வரை போய்விட்டேன்.

ஓகிமாச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட புல்கூரைக் கட்டடங்கள் உண்டு. அவற்றில் பல, குடும்பங்கள் வாழும் வீடுகள். இந்த அளவுக்கு மிஞ்சியதற்குக் காரணம் 1971-ல் ஊரார் கூடிச் செய்துகொண்ட மூன்று தீர்மானங்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. யுனெஸ்கோ வந்தது அதற்கு 24 ஆண்டு கழித்து, 1995 டிசம்பரில். அது காப்பாற்றியது போலப் பலர் பேசுகிறார்கள். ஊரார் காப்பாற்றி வைத்ததற்குத்தான் அது முத்திரை குத்தியது.

15 அக்டோபர்

“ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டிய வீடு என்பது உண்மையா?” என்று கேட்டிருக்கிறார்கள். கூரைச் சட்டத்துக்கு அது உண்மை. மொத்த வீட்டுக்கும் நீட்டிச் சொல்வது வழிகாட்டிகளின் உற்சாகம்.

வீட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கீழ்த்தளம் தச்சர் வேலை, இழைத்துப் பொருத்திய தூண்களும் உத்திரங்களும். அதன் மேல் உட்காரும் கூரை ஊரார் வேலை. இரண்டிரண்டாகச் சாய்த்து உச்சியில் கட்டிய பெருங்கைமரங்கள், ஏறத்தாழ 60 டிகிரி சரிவு. பனி தங்கக்கூடாது என்பதற்காக அத்தனை செங்குத்து. அந்தத் தோற்றத்தால்தான் ‘கஷ்ஷோ-ஸுகுரி’ என்று பெயர். கஷ்ஷோ என்றால் கைகூப்புதல். நமக்கு விளக்கவே வேண்டாத பெயர்.

கைமரத்தின் அடிமுனையைப் பென்சில் போலச் சீவி, உத்திரத்தில் குடைந்த குழியில் நிறுத்தியிருப்பார்கள். இறுக்கி அறைந்ததில்லை. காற்றடித்தாலும் நிலம் ஆடினாலும் கூரை கொஞ்சம் அசைந்துகொடுக்கும். கட்டுவதற்கு வைக்கோல் கயிறும், ‘நேசோ’ என்கிற இளங்கொம்பும். பச்சையாக இருக்கும்போதே முறுக்கிச் சுற்றிவிட்டால் காய்ந்ததும் இரும்பு வளையம் போல இறுகிக்கொள்ளும். வழிகாட்டி “நேசோ, நேசோ” என்று காட்டியபோது நேசம் என்றே என் காதில் விழுந்தது. பெரிய தவறில்லை.

மேட்டில் ஏறிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாக் கூரைகளும் ஒரே பக்கம் திரும்பி நிற்பது தெரியும். அழகுக்காக என்று நினைத்திருந்தேன். பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக ஓடுகிறது, காற்றும் அப்படியே. குறுகிய முக்கோணச் சுவரைக் காற்றுக்குக் காட்டி நின்றால் கூரைக்குச் சேதம் குறைவு. காலை வெயில் ஒரு சரிவிலும் மாலை வெயில் மறு சரிவிலும் விழும், இரு பக்கமும் சமமாகக் காயும்.

பரண்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள். அவ்வளவு உயரமான கூரைக்குள் இரண்டு மூன்று தளம் பரண் போட்டது அதற்காகத்தான். கீழே எரியும் கணப்பின் வெதுவெதுப்பு பலகை இடுக்கு வழியாக மேலே ஏறும். பரணுக்குக் கீழே ரகசியமும் உண்டு. தரைப்பலகைக்கு அடியில் குழி வெட்டி, மண், காட்டுப்புல், பட்டுப்புழுவின் எச்சம் எல்லாம் அடுக்கி, சிறுநீர் ஊற்றி, சில ஆண்டுகள் மக்கவிட்டு வெடியுப்பு எடுத்தார்கள். கோகயாமாவின் வெடியுப்பை ஆண்டது காகா நாட்டுப் பிரபுக்கள், துப்பாக்கி மருந்துக்கு. மேலே பட்டு, கீழே வெடிமருந்து, நடுவில் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து மலிவான வெடியுப்பு வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

16 அக்டோபர்

கைமரம் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நேற்று இரவு வருத்தமாகத் தூங்கினேன். முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் மரம், ஐயா.

3 நவம்பர்

தீயைப் பற்றி எழுதவே மறந்துவிட்டேன். புல், வைக்கோல் கயிறு, உலர்ந்த மரம், நெருக்கமான வீடுகள். ஒரு பொறி போதும். அதனால் ஓகிமாச்சி முழுக்க 59 நீர்ப்பீரங்கிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் புல்கூரை வீடு போன்ற குட்டிப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். முதல் முறை அவற்றை நாய்க்கூண்டு என்று நினைத்துப் படம் எடுத்தேன். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்து ஒத்திகை பார்ப்பார்கள். ஊரின் மேல் வெள்ளை வளைவுகளாகத் தண்ணீர் எழும். படம் பிடிக்க வருகிறவர்கள் அதைத் திருவிழா ஆக்கிவிட்டார்கள். 2019 நவம்பரில் வாகன நிறுத்தத்தை ஒட்டிய கொட்டகைகள் எரிந்தபோது அந்த ஒத்திகை எதற்கு என்பது எல்லோருக்கும் விளங்கியது.

புகைபிடிக்கிற அப்பாவாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். தெருவில் பற்றவைக்க முடியாது.

5 நவம்பர்

அப்பா புகைபிடிப்பதில்லையாம், ஆனால் இருவரும் சைவமாம். இதுதான் உண்மையான சிக்கல்.

சோபா சைவம் போலத்தான் தெரியும். சாறு, மீனைக் காயவைத்துச் சீவிய துருவலில் இறக்கியது. காட்டுக்கீரைப் பொரியல், காளான், வேர்க்கிழங்கு என்று தட்டு முழுக்கப் பச்சையாக வரும், அதிலும் அந்தச் சாறு. என் அம்மா வந்திருந்தபோது ஒரு கிண்ணத்தை ருசித்துவிட்டு, “நன்றாக இருக்கிறது, என்ன பருப்பு?” என்றார். நான் ஊர்க்காட்சியைக் காட்டத் தொடங்கினேன். இன்று வரை சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

நம்பிச் சாப்பிடக் கூடியது கோகயாமா தோஃபு. கயிற்றால் கட்டித் தூக்கலாம் என்பார்கள், அவ்வளவு கெட்டி. அப்புறம் சோறு, ஊறுகாய், வாட்டிய கோஹெய் மோச்சி என்ற சோற்று அப்பம். மோச்சியில் தடவும் பசையில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு டப்பா பருப்புப்பொடி பையில் இருக்கட்டும்.

9 நவம்பர்

வேறு ஊர்கள் பற்றி, சுருக்கமாக.

மியாமா: கியோத்தோவின் வடக்கு மலைகள். கித்தா என்ற சிற்றூரில் ஐம்பது வீடுகளில் 39 வீடுகள் புல்கூரை. சரிவு மென்மையானது, கைகூப்பிய தோற்றம் கிடையாது. முகட்டில் மரங்களைக் குறுக்காக அடுக்கியிருப்பார்கள். நெல்வயலுக்கு அருகே ஒரு சிவப்பு அஞ்சல்பெட்டி. அதை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், கடிதம் போட்டவரை நான் பார்த்ததில்லை.

ஓவுச்சி-ஜுகு: ஃபுகுஷிமா. மலைக்கிராமம் என்பதைவிட வழிநடைக்காரர் தங்கிய பழைய சத்திரத் தெரு. ஒரே நேர்த்தெரு, இரு பக்கமும் புல்கூரை. முழு வெங்காயத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அதாலேயே சோபாவை அள்ளிச் சாப்பிடச் சொல்வார்கள். பாதியில் கரண்டியே கரையத் தொடங்கிவிடும், ஏனென்றால் அதையும் கடித்துத் தின்ன வேண்டும்.

பெற்றோருடன் ஜனவரி என்றால் இரண்டும் உங்கள் வழியில் இல்லை. விடுங்கள்.

10 நவம்பர்

பஸ் நெரிசல் பற்றிப் புலம்புகிறவர்களுக்கு: காகா பிரபுக்கள் காலத்தில் கோகயாமா கைதிகளை நாடுகடத்தும் இடம். தப்பி ஓடக்கூடாது என்று ஷோகாவாவின் மேல் பாலம் கட்டவிடவில்லை. ஊரார் ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, கூடையில் உட்கார்ந்து தம்மைத் தாமே இழுத்துக்கொண்டு போனார்கள். கைதி ஓடாமலிருக்க ஊரே கூடையில். வரிசையில் பொறுமையாக நில்லுங்கள், பஸ் 50 நிமிடம்தான்.

14 டிசம்பர்

ஷோகாவா ஆற்றின் மேல்பக்கம் மிபோரோ அணை இருக்கிறது. 1961-ல் கட்டி முடித்தார்கள், பள்ளத்தாக்கின் ஊர்கள் நீரில் போயின. அவற்றிலிருந்து இரண்டு முதிய செர்ரி மரங்களை மட்டும் வேரோடு மேட்டுக்கு ஏற்றி நட்டார்கள். இன்றும் பூக்கின்றன. அந்தக் காலத்தில் கைகூப்பிய கூரைகள் பலவற்றைப் பிரித்து நகரங்களுக்கு விற்றார்கள். உணவகமாகப் போனவை உண்டு, அருங்காட்சியகமாகப் போனவை உண்டு. ஓகிமாச்சிக்காரர்கள் 1971-ல் ‘விற்பதில்லை’ என்பதை முதலில் எழுதியதற்கு இந்தப் பின்னணி உண்டு. இது தெரிந்த பிறகு ஐஸ்கிரீம் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

19 ஜனவரி 2025

முதல் குறிப்பில் “தங்க வேண்டாம்” என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

கிண்டலாக ஒருவர் கேட்டிருந்தார், “தங்கியதே இல்லை, தங்க வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று. இரண்டு வாரம் உறுத்தியது. போன வெள்ளிக்கிழமை ஐனோகுராவில் ஒரு மின்ஷுகுவில், அதாவது குடும்பமே நடத்தும் விடுதியில், தங்கிவிட்டு வந்தேன்.

நெடுஞ்சாலையில் இறங்கி ஐந்து நிமிட ஏற்றம். இருபதுக்குச் சற்று மேல் கூரைகள், நடுவே பனி. கடைசி பஸ் போனதும் ஊர் ஒரு மூச்சு விட்டது போல இருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த எல்லாரும் அந்த பஸ்ஸில் போய்விட்டார்கள். நானும் ஒரு கிழவரும் ஒரு மண்வெட்டியும் மட்டும். அவர் தன் வாசல் பனியைத் தள்ளிவிட்டு, சொல்லாமலேயே அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்தார்.

இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு, கணப்பைச் சுற்றி. தரையில் சதுரக் குழி, சாம்பல், நடுவில் கரி. மேலிருந்து தொங்கும் கொக்கியில் கெட்டில். குச்சியில் குத்திய ஆற்றுமீன்கள் தலைகீழாகச் சாம்பலில் நின்றுகொண்டிருந்தன. கண் எரிந்தது. மேலே பார்த்தேன். உத்திரமும் கட்டுக்கயிறும் எல்லாமே தார் பூசியது போலக் கறுப்பு, பளபளப்பு. வீட்டுக்கார அம்மாள் ஒரு கட்டுக்கயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கயிறு என்று விரலுக்குத் தோன்றவில்லை, கொம்பு மாதிரி இருந்தது. “புகை” என்றார். புகைதான் புல்லைக் காயவைக்கிறது, பூச்சியை விரட்டுகிறது, கயிற்றைக் கெட்டியாக்குகிறது. எண்ணெய் அடுப்பும் மின்சாரமும் வந்து தினமும் கணப்பு மூட்டுவது நின்றதிலிருந்து கூரைகள் சீக்கிரம் மக்குகின்றன. முன்பு ஒரு வேய்ச்சல் ஒரு தலைமுறைக்கும் மேல் நிற்குமாம். இப்போது இருபது, முப்பது ஆண்டு.

இதைக் கேட்டதும் ஓகிமாச்சியின் வாதா வீட்டை நினைத்துக்கொண்டேன். சில நூறு யென் கட்டணம் வாங்கி உள்ளே விடுகிறார்கள், கணப்பு எரிகிறது, நாம் “காட்சிக்கு எரிக்கிறார்கள்” என்று உதட்டைச் சுழிக்கிறோம். நானும் சுழித்தவன்தான். காட்சிக்கென்றே எரித்தாலும் புகை மேலே போய்ப் புல்லில்தான் படிகிறது. நம் டிக்கெட்டுக்கு விறகு வாங்கினால் கூரைக்கு ஆயுள். பொம்மை ஊர் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு நாக்கு எழவில்லை.

படுக்கை தரையில் மெத்தை. அறைக்கும் அறைக்கும் நடுவே காகிதக் கதவு, பூட்டு கிடையாது, அடுத்த அறையில் இருந்தவரின் குறட்டை எனக்கும் பொது. கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில். தாழ்வாரத்துக்குக் குளிர்சாதனப்பெட்டியின் குளிர். விடுதிச் செருப்பில் என் கால் முக்கால்வாசிதான் நுழைந்தது. நடு இரவில் தலைக்கு மேல் ஒரு நீண்ட உரசல், அப்புறம் நெஞ்சு அதிரும்படி ‘தொம்’. நில நடுக்கம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கூரைப் பனி சரிந்து விழுந்ததாம். அறுபது டிகிரி என்று அக்டோபரில் எத்தனை எளிதாக எழுதிவிட்டேன்.

20 ஜனவரி

“இவ்வளவு உருகிவிட்டீர்களே, ஐஸ்கிரீம் கடைக்கும் மன்னிப்பா?” இல்லை.

21 ஜனவரி

கூரை மாற்றுவது பற்றிக் கேட்டவருக்கு. இதற்கு ‘யுய்’ என்று பெயர், கைமாற்று வேலை. இன்று என் கூரைக்கு நீ வா, நாளை உன் கூரைக்கு நான் வருகிறேன். ஒரு சரிவை ஒரே நாளில் வேய்ந்து முடிக்க நூறு, இருநூறு பேர் வேண்டும். யார் எத்தனை கட்டுப் புல் கொடுத்தார், எத்தனை கயிறு, எத்தனை ஆள் என்று ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். நம் மொய் நோட்டேதான். 2001-ல் ஓகிமாச்சியின் நாகாசே வீட்டுக்கு ஏறத்தாழ 500 பேர் கூடினார்கள்.

ஆனால் எல்லாக் கூரையும் இன்றும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். இளைஞர்கள் நகரத்தில். கோகயாமாவில் பெரும்பாலும் வனக் கூட்டுறவுச் சங்கத்து ஆட்கள் வேய்கிறார்கள், அரசு மானியத்தில். வீட்டுக்கார அம்மாளிடம், “யுய் போய்விட்டதே, வருத்தமில்லையா?” என்று மிக உணர்ச்சியோடு கேட்டேன். “இருநூறு பேருக்கு யார் சமைப்பது?” என்றார்.

ஐனோகுராவின் பின்சரிவில் கூரைப்புல்லுக்கென்றே ஒரு நிலம் வைத்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அறுப்பு. அதற்குத்தான் கை போதவில்லையாம்.

22 ஜனவரி

அடுத்த வாரம் கிளம்புகிறவருக்கு அவசரமாக. ஓகிமாச்சியின் பனிக்கால விளக்கொளி இரவுகளுக்கு 2019 முதல் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை, நேரே போய் ஏமாறாதீர்கள். அப்பாவுக்கு வழுக்காத அடியுள்ள பூட்ஸ். ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் முறைவைத்து, தொட்டிக்குள் இறங்கும் முன்பே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், மீன் சாறும் கூடாது என்று தனியாக.

16 பிப்ரவரி

பெற்றோர் ஓகிமாச்சியில் ஒரு இரவு தங்கினார்கள் என்று படங்கள் வந்திருக்கின்றன. கணப்பு அருகே உங்கள் அம்மா பருப்புப்பொடி டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் படத்தை என் அம்மாவுக்குக் காட்டினேன். “எனக்கு மட்டும் ஏன் பொடி எடுத்து வரவில்லை?” என்கிறார். அந்தப் பேச்சு போகும் திசை எனக்குப் பிடிக்கவில்லை.

23 பிப்ரவரி

புல் அறுக்க வெளியாள் வரலாமா என்று ஐனோகுராவுக்கு எழுதியிருந்தேன். பதில் வந்துவிட்டது. வரலாமாம். அரிவாள் அவர்கள் தருவார்கள், ரப்பர் பூட்ஸ் மட்டும் நானே கொண்டு வர வேண்டும். 29 சென்டிமீட்டர் கால் அந்த ஊரில் யாருக்கும் இல்லையாம்.